சிவப்பு நின்ற பிறகும்

மிட்டாய்த் தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலை என்று சொன்னால் கேட்பவர் முகத்தில் பொறாமை பொங்கும். "கொடுத்து வச்சவ" என்பார்கள். என் வீட்டுக்காரரின் அக்கா ஒருபடி மேலே போய், "சும்மா உக்காந்து மிட்டாய் திங்கறதுக்குச் சம்பளமா?" என்று கேட்டார். ஒருநாள் அவரை என் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்க்க வேண்டும். சாயங்காலத்துக்குள் சர்க்கரை என்ற பேச்சை எடுத்தாலே குமட்டும். எங்களுடையது ஜெல்லி மிட்டாய் என்பதால் சப்பிவிட்டுத் துப்பவும் முடியாது. விழுங்கித்தான் ஆக வேண்டும். தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகிறதா, ஒட்டிக்கொண்டு நிற்கிறதா என்பதற்கும் மதிப்பெண் உண்டு.

அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர். இன்னொருவரை எல்லோரும் நாக்கு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பாகில் எலுமிச்சை உப்பு ஒரு சிட்டிகை கூடினாலும் கண்டுபிடித்துவிடுவார். காலையில் வேலை தொடங்கும் முன் நாங்கள் ஒருவருக்கொருவர் நாக்கை நீட்டிக் காட்ட வேண்டும். முந்தைய நாள் நிறமோ, குடித்த காபியின் கறையோ ஒட்டியிருந்தால் அன்றைக்கு ருசி தப்பிவிடும் என்பது அவர் கட்சி. ஜன்னலுக்கு வெளியே லாரியில் சரக்கு ஏற்றுகிறவர்கள், வயதான இரண்டு பேர் பழிப்புக் காட்டிக்கொள்வதைப் பார்த்துத் தினமும் சிரிப்பார்கள்.

எங்கள் தொழிற்சாலையில் ஒரு நிறம் ஓட ஆரம்பித்தால் பல நாள் அதே நிறம்தான் ஓடும். அண்டாக்களைக் கழுவி நிறம் மாற்றுவது பெரிய வேலை. அதிகம் விற்பது சிவப்பு என்பதால் வருஷத்தில் பெரும்பகுதி சிவப்புதான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கும், ஆனாலும் சொல்கிறேன். சிவப்பு ஓடும் நாட்களில் ருசி பார்க்கிற எங்களுக்கும், உடைசலை எடுத்துத் தின்கிற மற்றவர்களுக்கும் கழிவறையிலும் சிவப்பாகத்தான் போகும். சேர்ந்த புதிதில் நான் அதைப் பார்த்துவிட்டு, அலறி அடித்துக்கொண்டு கண்ணும் மூக்கும் ஒழுக வெளியே ஓடி வந்தேன். பொட்டலம் கட்டுகிற பெண்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்குப் பிறகு புதிதாக யார் வந்தாலும் அந்த வரவேற்பை நானே முன்னின்று நடத்தினேன். "போனதுதான் வருது, போய் வேலையைப் பாரு" என்பேன். அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை பேரின் அழுகையை நிறுத்தியிருப்பேன் என்று எனக்கே பெருமையாக இருக்கும்.

அதனால்தான் நான் ஏமாந்தேன்.

போன வருஷம் முழுக்கவே எனக்கு உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. கடிகாரம் வைத்தது போலப் போய்க்கொண்டிருந்தவள், சில நாள் மூன்று தடவை போனேன், சில நாள் போகவே இல்லை. போய்விட்டு வந்தாலும் இன்னும் ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருக்கும். திரும்பப் போய் உட்கார்ந்தால் ஒன்றும் இருக்காது. வயசாகிறது, தண்ணீர் போதவில்லை என்று நானே சப்பைக்கட்டுக் கட்டிக்கொண்டேன். வேலைக்குப் போட்டுக்கொள்ளும் வெள்ளைக் கோட்டு தொளதொளவென்று ஆனது. பொட்டலப் பிரிவுப் பெண்கள், "என்னக்கா, இளைச்சு அழகாயிட்டீங்க, என்ன ரகசியம்?" என்று கேட்டபோது, உள்ளபடியே சந்தோஷப்பட்டேன். ரகசியம் ஏதோ என் கையில் இருப்பது போல ஒரு சிரிப்பு வேறு. ருசி அறை மாடியில் இருக்கிறது. படியேறி முடிப்பதற்குள் மூச்சு இரைத்தது. படியைக் கட்டியவனைத் திட்டினேன்.

கழிவறையில் சிவப்பு தெரிந்தது. அதைப் பற்றி நினைக்கவே இல்லை. அதைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேனே.

பிறகு சிவப்புப் பாகு காய்ச்சுகிற பெரிய அண்டாவில் ஓட்டை விழுந்தது. புது அண்டா வருகிற வரைக்கும் சின்ன அண்டாவில் வெள்ளைப் புதினா ஜெல்லி மட்டும் ஓடட்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். புதினா ஓட ஆரம்பித்த முதல் வாரம் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பழைய நிறம் உள்ளே தங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது வாரமும் பூசி மெழுகினேன். பீட்ரூட் சாப்பிட்டேனா, தக்காளி கூடுதலாகச் சேர்த்தேனா என்று யோசித்தேன். ஒருநாள் காலை வீட்டுக் கழிவறையில் விளக்கைப் போட்டுக் குனிந்து நன்றாகப் பார்த்தேன். வெறும் நிறமாக இல்லை. கொழகொழவென்று கோடு கோடாகக் கலந்திருந்தது.  அவசரமாகத் தண்ணீரை ஊற்றிவிட்டு, பார்த்ததே தப்பு என்பது போல வெளியே வந்து கையைத் திரும்பத் திரும்பக் கழுவினேன்.

வீட்டில் சொல்லவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி, பெண்ணும் படித்து வேலைக்கு வேறு ஊர் போயாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் நானும் அவரும் எல்லாவற்றையும் பற்றிச் சண்டை போட்டிருக்கிறோம். ஆனால் கழிவறைக்குப் போவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அது ஏதோ மற்றவர்களுக்கு மட்டும் நடக்கிற காரியம் போல இருந்துவிட்டோம்.

அன்று ருசி அறையில் வழக்கம்போல நாக்கை நீட்டினேன். நாக்கு அண்ணன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார்.

"என்னம்மா, நாக்கு இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"வெள்ளை ஓடுதுல்ல, அதான்."

"வெள்ளைக்குக் கலரே போடறதில்லையேம்மா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தொழிற்சாலை முழுக்கத் தெரியும். "என் நாக்கு, எப்படி இருந்தா உங்களுக்கென்ன?" என்று சீறினேன். அவர் தட்டில் புதினா ஜெல்லியை எடுத்து வைத்தார். நான் ஒன்றை வாயில் போட்டேன். மென்றேன். விழுங்க முடியவில்லை. கழிவறைப் பேச்சைத் தினமும் என்னோடு சகஜமாகப் பேசுகிற ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். அது எங்கள் தொழில் தமாஷ். அந்தத் தமாஷ் மாதிரியே சொல்லிவிடலாம் என்று பட்டது.

"அண்ணே, சிவப்பு நின்னு எவ்வளவு நாளாச்சு?"

"அண்டா ஓட்டை விழுந்ததுலேர்ந்து ஓடலையே. மாசமாகப் போகுது. ஏன்?"

"எனக்கு மட்டும் இன்னும் நிக்கல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன்.

அவரும் சிரிப்பார் என்று காத்திருந்தேன். அவர் சிரிக்கவில்லை. கையில் இருந்த பென்சிலை மேஜையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்தது, எடுக்கவும் இல்லை.

"ரத்தமா?" என்று கேட்டார்.

அந்த அறையில் அந்த வார்த்தையை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சிவப்பு என்றுதான் சொல்வோம். 

"கெளம்பு. இப்பவே போய் டாக்டரைப் பாரு. மேலாளர்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"உங்ககிட்ட போய்ச் சொன்னேன் பாருங்க, என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"அதை அப்புறம் அடிச்சுக்கலாம். மொதல்ல கெளம்பு."

டாக்டரிடம் போகவில்லை, வீட்டுக்குத்தான் போனேன். என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். நேரமில்லாத நேரத்தில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். சொன்னேன். வெட்கம், மானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, போனது, போகாதது, கலந்திருந்தது எல்லாம் சொன்னேன். அவர் கையில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் உதறிவிட்டுக் கை கழுவப் போனார். திரும்பி வந்தபோது சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

எங்கள் தெருமுனை டாக்டர் அம்மாவிடம் நான் தற்காப்பாகவே ஆரம்பித்தேன். "டாக்டர், நான் மிட்டாய் ருசி பாக்கறவ. சிவப்புக் கலர் சாப்பிட்டா அப்படித்தான் போகும். எங்க எல்லாருக்கும் போகும்."

"இப்ப சிவப்பு சாப்பிடறீங்களா?"

"இல்ல."

"எளைச்ச மாதிரி இருக்கீங்களே?"

"சாப்பாட்டைக் கொறைச்சிருக்கேன்" என்றேன்.

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "கொறைக்கல டாக்டர். முன்ன மாதிரியேதான் சாப்பிடறா. என் தட்டுலேர்ந்தும் எடுத்துக்குவா. போன மாசம் கடைக்குப் போனப்ப படியில பாதியில நின்னுட்டா. நான் கேட்டா செருப்பு கடிக்குதுன்னா."

அவரைத் திரும்பிப் பார்த்தேன். வீட்டில் எதையும் கவனிக்காத மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அன்று அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

டாக்டர் அம்மா பரிசோதித்துவிட்டு, பொறுமையாகத்தான் பேசினார். "கலர் ஏமாத்தும், நானும் ஒத்துக்கறேன். பீட்ரூட் சாப்பிட்டாக்கூடச் சிவக்கும். ஆனா கலர் ஆளை எளைக்க வைக்காது. படியில மூச்சு வாங்க வைக்காது. போயிட்டு வந்தும் போகாத மாதிரியே இருக்கறதை மிட்டாய் செய்யாது. பழக்கம் மாறி ரெண்டு மூணு வாரத்துக்கு மேல அப்படியே இருந்தாலே வந்து காட்டியிருக்கணும். ரத்தம் வந்தா அதுகூடக் காத்திருக்கக் கூடாது."

"மூலமா இருக்கலாமே டாக்டர்?"

"இருக்கலாம். பாத்துட்டுச் சொல்லலாம். பாக்காம நீங்களும் சொல்லக் கூடாது, நானும் சொல்லக் கூடாது."

ரத்தப் பரிசோதனையில் ரத்தம் ரொம்பக் குறைந்திருந்தது. நாக்கு அண்ணனின் கண்ணுக்குத் தெரிந்தது ஊசிக்கும் தெரிந்தது. குழாய் விட்டுக் குடலைப் பார்க்க வேண்டும் என்று பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்.

அங்கே ஒரு நர்ஸ், முந்தைய நாள் என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தாள். "சிவப்புக் கலர் போட்ட ஜூஸ், ஜெல்லி எதுவும் கூடாதும்மா. உள்ள பாக்கும்போது ரத்தம் மாதிரியே தெரியும், டாக்டர் ஏமாந்துடுவார்."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்க அடக்க வந்தது. கடைசியில் அது அழுகையாக மாறியது எனக்கே தெரியவில்லை. நர்ஸ் பயந்துபோய் என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். "ஜெல்லிக் கம்பெனியில இருக்காங்க" என்று மட்டும் சொன்னார்.

குடலைக் கழுவக் குடிக்கச் சொன்ன மருந்துத் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் என் தொழிலுக்குத் துரோகம். பாக்கெட்டில் எலுமிச்சை ருசி என்று அச்சடித்திருந்தார்கள். அப்பட்டமான பொய். உப்பும் சோப்பும் கலந்து அதன் தலையில் எலுமிச்சைப் படத்தை ஒட்டிய ருசி. எங்கள் அறைக்கு வந்திருந்தால் நாக்கு அண்ணன் அண்டாவோடு கவிழ்த்திருப்பார். குடிப்பதும் ஓடுவதுமாக அன்றைய பொழுது போனது. என் வீட்டுக்காரர் கழிவறைக் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷம் பேசாததையெல்லாம் அன்று கதவு வழியாகப் பேசித் தீர்த்தோம்.

பரிசோதனை முடிந்து மயக்கம் தெளிந்தபோது, அறுவை டாக்டர் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்து பேசினால் நல்லதில்லை என்று அந்த நொடியில் தெரிந்துகொண்டேன். "ஒண்ணு இருக்கு. கொஞ்சம் கிள்ளி அனுப்பியிருக்கேன். எனக்கு அது பிடிக்கலை" என்றார். சில நாளில் புற்றுநோய் என்றே சொல்லிவிட்டார்கள். குடலில் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு மீதியைச் சேர்த்துத் தைக்க வேண்டும். எடுத்ததைச் சோதித்துப் பார்த்தால்தான் பரவியிருக்கிறதா என்று தெரியும்.

பயந்தேன். அதை அலங்காரம் பண்ணிச் சொல்லத் தெரியவில்லை.  பெண் ஊரிலிருந்து வந்து, அறுவை அறைக் கதவு வரைக்கும் என் கட்டை விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள். சின்ன வயசில் பள்ளிக்கூடம் போகும்போது அப்படித்தான் பிடிப்பாள் என்று நினைத்ததும் போகவே மாட்டேன் என்று எழுந்துவிடத் தோன்றியது. அதற்குள் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வலி, கஞ்சி, மெல்ல மெல்ல நடை என்று நாள் போனது. ஆனால் என் உயிர் அந்தச் சோதனை முடிவில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் தொலைபேசி அடித்தால் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எடுக்காமல் நிற்போம். கடைசியில் நேரில் வரச் சொன்னார்கள்.

அன்று அறுவை டாக்டர் நின்றுகொண்டே பேசினார்.

"குடலைச் சுத்தி சின்னச் சின்ன முடிச்சு இருக்கும்னு சொன்னேனில்ல. எல்லாம் சுத்தம். எங்கயும் பரவலை."

"அப்படின்னா?"

"அப்படின்னா வீட்டுக்குப் போங்க. வேற மருந்து எதுவும் வேண்டாம். சொல்ற நாள்ல வந்து காட்டிட்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"சரியாப் பாத்தீங்களா டாக்டர்? வேற யாரோடதாவது மாறிப் போயிருக்கப் போகுது."

அவர் சிரித்தார். "உங்களோடதுதான். இன்னும் ஒரு வருஷம் மிட்டாய்தான்னு விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிட்டு இருந்திருப்பேன். உங்க கூடப் பொறந்தவங்க யாராவது இருந்தா அவங்களையும் பாத்துக்கச் சொல்லுங்க. பொண்ணுக்கு எப்போ பாக்கணும்னு எழுதித் தரேன்."

என் கூடப் பிறந்தது ஒரு தம்பி. அவனை எப்படி மிரட்டி இழுத்துக்கொண்டு வருவது என்று அங்கேயே மனசுக்குள் திட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். உயிர் திரும்பி வந்துவிட்டது என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம்.

வீட்டில் காத்திருந்த பெண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு இருவரும் லிஃப்டுக்குள் போனோம். கதவு மூடியது. என் வீட்டுக்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் பொத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு ஒரு வார்டு ஊழியர் நின்றிருந்தார். பார்த்தால் அதே மாடி. வாழ்நாளெல்லாம் லிஃப்டோடு குடித்தனம் நடத்திய மனுஷன் பொத்தானை அழுத்தவே மறந்திருக்கிறார்.

"மேல போறீங்களா, கீழ போறீங்களா?" என்று ஊழியர் கேட்டார்.

"எங்க வேணா போங்க" என்றார் என் வீட்டுக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஊழியர் உள்ளே வந்து மேல் மாடிக்குப் பொத்தானை அழுத்தினார். குழாய் விட்டுப் பார்க்கிற மாடியில் கதவு திறந்தது. நேர் எதிரே, காத்திருக்கிற நாற்காலியில், பட்டினி கிடந்த முகத்தோடு நாக்கு அண்ணன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி. என்னைக் கண்டதும் திருட்டு முழி முழித்தார்.

"என்னண்ணே இங்க?"

"சும்மா."

"சும்மா இந்த மாடிக்கு யாரும் வர மாட்டாங்க. அந்த எலுமிச்சைத் தண்ணியைக் குடிச்சீங்களா இல்லையா?"

"குடிச்சேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கும் நிக்கலம்மா. உனக்கு முன்னாடியிலேர்ந்தே."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கோபம் தலைக்கேறியது. "என்னை வெரட்டி விட்டுட்டு நீங்க பேசாம உக்காந்துட்டு இருந்தீங்களா? இத்தனை நாளும்?"

"பயமா இருந்துச்சு. உனக்கு என்ன சொல்றாங்கன்னு பாத்துட்டுப் போகலாம்னுதான் இருந்தேன். இவகிட்ட சொன்னதும் இழுத்துட்டு வந்துட்டா..." முடிக்காமல் என்னை நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு என்ன சொன்னாங்க?"

"பரவலையாம். முடிஞ்சுதாம். இப்பதான் சொன்னாங்க."

அவர் மனைவி என் கையைப் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்கு மேல் திட்ட வாய் வரவில்லை. நர்ஸ் வந்து அவரை உள்ளே அழைத்துப் போனாள். போகும்போது, "வலிக்குமாம்மா?" என்று திரும்பிக் கேட்டார். "தூங்கிடுவீங்க, போங்க" என்றேன். என் வீட்டுக்காரர் டீ வாங்கி வந்தார். ஆறிப் போனது, யாரும் குடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். மொட்டு மாதிரி இரண்டு சின்ன வளர்ச்சிகள் இருந்ததாம். அங்கேயே எடுத்துவிட்டார்களாம். சோதனைக்கு அனுப்பியிருந்தாலும் பார்வைக்கு நல்லதாகவே தெரிகிறது என்றார். விட்டிருந்தால் சில வருஷத்தில் கெட்டதாக மாறியிருக்கக் கூடியவை. அண்ணனின் மனைவி உட்கார்ந்த இடத்திலேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

எங்களை உள்ளே விட்டார்கள். அண்ணன் பாதி மயக்கத்தில் படுத்திருந்தார். டாக்டர் சொன்னதைச் சொன்னோம். கேட்டுக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"அன்னைக்கு நீ மட்டும் சொல்லலைன்னா நான் கடைசி வரைக்கும் வாயைத் திறந்திருக்க மாட்டேம்மா" என்றார்.

"நீங்க மட்டும் அன்னைக்குச் சிரிச்சிருந்தா நானும் சிரிச்சுட்டு வேலையைப் பாத்திருப்பேண்ணே" என்றேன்.

அவர் கையை நீட்டினார். பிடித்துக்கொண்டேன்.  பிறகு அவர் மனைவியின் பக்கம் திரும்பி, பசிக்கிறது, ஏதாவது கொடு என்று கேட்டார்.